பன்னிரண்டாவது அங்கி

அத்தியாயம் 17

ஒரு தடவை தப்பாகச் சந்தேகப்பட்டவர்களுக்கு இரண்டாவது தடவை சந்தேகப்படும் உரிமை கிடையாது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இப்படி எழுதியில்லை என்றாலும் எல்லா வீட்டிலும் இது அமலில் இருக்கிறது.

டெய்லரக்காவுக்கு இது போன வாரம்தான் உறைத்தது. பெரியவளின் மோதிரம் காணாமல் போனதும், அன்றைக்கு வீட்டுக்கு வந்துபோன மாப்பிள்ளையின் சட்டைப்பையை அவள் கண்ணாலேயே துழாவியதும், "நீங்க கடைசியா எங்க பார்த்தீங்க மாப்பிள்ளை?" என்று மூன்று தடவை கேட்டதும், கடைசியில் அது அவளுடைய தையல் மெஷின் டிராயரிலேயே நூல் பாபின்களுக்கு நடுவே உருண்டு கிடந்ததும் உங்களுக்கு மறந்திருக்காது. மோதிரத்தை விரலில் மாட்டிக்கொண்டு பெரியவள் சொன்னதை டெய்லரக்காவும் மறக்கவில்லை.

"இனிமே என் வீட்டுக்காரரைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசினே, இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்மா. அவ்வளவுதான்."

பெரியவள் சொன்னால் சொன்னதுதான். அந்தப் பிடிவாதம் அவளுக்கு யாரிடமிருந்து வந்தது என்ற ஆராய்ச்சி இப்போது வேண்டாம்.

ஆகவே இன்று காலை ஒன்பது மணிக்கு, கடையின் வெட்டும் மேசைமேல் அந்தப் பளபளப்பான காலேஜ் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, டெய்லரக்கா தன் வாயைத் தானே தைத்துக்கொண்டவள்போல உட்கார்ந்திருந்தாள்.

சின்னவள் ஈரத்தலையும் டீ டம்ளருமாக உள்ளே வந்தாள். "என்னம்மா, புத்தகத்தை மனப்பாடம் பண்றியா?"

"சும்மா படம் பார்க்கிறேன்."

"படம் பார்க்கிறியா, ஓட்டை பார்க்கிறியா?"

டெய்லரக்கா ஓட்டைதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னவளுக்கு வெளிநாட்டில் எம்.பி.ஏ. படிக்க வேண்டும். மூன்று வருடமாக ஒரு சரக்குக் கப்பல் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே நுழைவுத் தேர்வு எழுதி, ஏழெட்டு இடத்துக்கு விண்ணப்பம் போட்டு, இரண்டு இடத்திலிருந்து 'வரலாம்' என்று கடிதம் வந்திருக்கிறது. ஒன்று பெரிய நகரத்தில் இருக்கிறது. புத்தகத்தின் அட்டையில் முப்பது மாடிக் கண்ணாடிக் கட்டடம், ஒரே வருடப் படிப்பு, முடித்ததும் வேலை என்று அடித்துச் சொல்கிறார்கள். இன்னொன்று ஏதோ ஒரு சின்ன ஊரின் அரசுப் பல்கலைக்கழகம். அங்கே இரண்டு வருடம். அவர்கள் புத்தகமே அனுப்பவில்லை. இணையதளத்தில் ஒரு செங்கல் கட்டடமும் அதன் முன்னால் நாலு சைக்கிளும் நிற்கின்றன.

இந்த வீட்டில் அவற்றின் பெயர் கண்ணாடிக் காலேஜ், செங்கல் காலேஜ். உண்மையான பெயர்களை உச்சரிக்கப் பார்த்து நாக்கு சுளுக்கிக்கொண்டபின் அப்பா வைத்த பெயர்கள்.

இரண்டுக்கும் இன்றுதான் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குள் ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும். செங்கல் காலேஜுக்கு போனில் ஒரு பட்டனை அழுத்தினால் போதும். கண்ணாடிக் காலேஜுக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். போட வேண்டிய இடம் மாப்பிள்ளை வேலை பார்க்கும் வெளிநாட்டுப் படிப்பு ஆலோசனை மையம். கண்ணாடிக் காலேஜைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

"நாலு மணிக்கு வந்துடும்மா. மாமா காத்திட்டிருப்பார்," என்றாள் சின்னவள். "நான் ஆபீஸ்லேர்ந்து நேரா வந்துடுவேன்."

"உங்க காலேஜ்ல என்ன கஷ்டம்னு ரெண்டு பேருக்கும் எழுதிக் கேட்டியே, செங்கல்காரங்க என்ன பதில் போட்டாங்க?"

"எத்தனை தடவைம்மா சொல்றது? அங்க ஆபீஸ்ல இருக்கிற ஒரு அம்மா ரெண்டு பக்கம் எழுதியிருந்தாங்க. குளிர் ஜாஸ்தி, பஸ் கம்மி, முதல் செமஸ்டர்ல புள்ளியியல்ல பாதிப் பேர் திணறுவாங்க, வேலைக்கு நாங்க உத்தரவாதம் தர முடியாதுன்னு."

"கண்ணாடிக்காரங்க?"

"நாலே நிமிஷத்துல பதில். 'வாழ்த்துகள், உங்கள் கனவு நனவாகிறது'ன்னு."

"நீ கேட்ட கேள்விக்குப் பதில்?"

சின்னவள் டீயை ஒரு வாய் குடித்தாள். "அதை மாமா கேட்டுச் சொல்றேன்னிருக்கார்."

இந்த இடத்தில் டெய்லரக்காவின் நாக்கு நுனிவரை ஒரு வாக்கியம் வந்தது. குறையைச் சொல்லி விற்கிற கடையில்தான் துணி எடுக்க வேண்டும் என்பது முப்பது வருடத் தொழிலில் அவள் கண்ட வேதம். புதுத் துணி வந்தால் ஓரத்து நூலை உருவி எரித்துப் பார்த்துவிட்டுத்தான் பருத்தி என்று ஒப்புக்கொள்வாள். ஆனால் சூடு கண்ட பூனை. வாக்கியத்தை விழுங்கிவிட்டாள்.

"நாலு மணிக்கு வந்துடுறேன்," என்றாள்.

சின்னவள் போனபின் மெஷினில் உட்கார்ந்தாள். பெரியவளின் வெள்ளைச் சட்டை பாதியில் நின்றிருந்தது. பல் மருத்துவமனை வரவேற்பறையில் வேலை, வாரத்துக்கு ஐந்து வெள்ளைச் சட்டை. சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தாள். பிறந்ததிலிருந்தே அவளுக்கு வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல் அளவு இறக்கம். அம்மா ஒவ்வொரு சட்டையிலும் வலது தோளுக்குள் மெல்லிசாக ஒரு பஞ்சுப் பட்டை வைத்துத் தைத்துவிடுவதால் வெளியே யாருக்கும் தெரியாது. அவரவர் முதுகு அவரவருக்குத் தெரியாது என்பார்கள். டெய்லருக்குத் தெரியும். வாசலில் முகம் காட்டி வணக்கம் சொன்னால் யார் என்று யோசிக்கிற டெய்லரக்கா, திரும்பிப் போகும்போது 'அட, பதினாறு அங்குலத் தோள்' என்று கண்டுபிடித்துவிடுவாள்.

பஞ்சுப் பட்டையை வெட்டக் கத்தரி எடுக்கப் போனாள். சுவரில் இரண்டு கத்தரிகள் தொங்கின. ஒன்று அவளுடையது. இன்னொன்று பெரியவள் பள்ளிக்கூடம் படிக்கும்போது அவளுக்காகத் தேடிப்பிடித்து வாங்கிய இடக்கைக் கத்தரி. தன் கத்தரியை எடுத்துக்கொண்டு திரும்பினால், மேசைமேல் அந்தப் புத்தகம் ஏழாம் பக்கத்தில் திறந்து கிடந்தது.

பச்சைப் புல்வெளி, நீல வானம், பின்னால் கண்ணாடிக் கட்டடம். கறுப்பு அங்கி போட்ட பன்னிரண்டு பேர் தொப்பியை வானத்தில் எறிகிறார்கள். யார் முகமும் முழுசாகத் தெரியவில்லை. எல்லோரும் தொப்பி போன திசையைப் பார்க்கிறார்கள். ஒருத்தி மட்டும் முழுசாக முதுகு காட்டி முன்னால் நிற்கிறாள். கீழே பெரிய எழுத்தில், 'உங்களைப் போலவே போனவர்கள், இன்று பட்டதாரிகள்' என்று போட்டிருந்தது.

முதலில் டெய்லரக்காவுக்கு வந்தது தொழில் பொறாமைதான். பின்கழுத்துச் சுருக்கம் எவ்வளவு ஒழுங்காக விழுந்திருக்கிறது! எண்ணி வைத்தாற்போல் ஏழு மடிப்பு. வெளிநாட்டு டெய்லர் என்றால் சும்மாவா?

ஊசி கோக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்து அந்த முதுகு காட்டியவளின் அங்கியைப் பார்த்தாள். மடிப்பிலிருந்து கண் தோளுக்குப் போய், தோளிலிருந்து தூக்கிய கைக்குப் போனது. அங்கியின் அகலமான கை சரிந்து இறங்கியிருந்தது. அக்குளுக்கு அடியில், கறுப்புத் துணியில், நாலு விரல் அகலத்துக்கு ஒரு முக்கோணம் மட்டும் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்துத் தெரிந்தது.

டெய்லரக்கா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

வெளிநாட்டு டெய்லர் யார் என்று தெரிந்துவிட்டது. அவளேதான்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஸ்டூடியோக்காரர் ஒருவர் கறுப்பு சாட்டின் துணியோடு வந்தார். பன்னிரண்டு அங்கி, பொது அளவு, மூன்று நாளில் வேண்டும், பள்ளிக்கூட நாடகத்துக்கு என்றார். "உங்க கை சுத்தம்னு ஒருத்தங்க சொன்னாங்க" என்றும் சொன்னார். புகழ்ச்சி கேட்டால் யாருக்குத்தான் யார் சொன்னார்கள் என்று விசாரிக்கத் தோன்றும்? பதினொன்று முடிந்து பன்னிரண்டாவது வெட்டும்போது துணி ஒரு சாண் குறைந்துபோனது. இடது கைக்கு அடியில், கையைத் தூக்கினால் மட்டுமே தெரிகிற இடத்தில், வெட்டுத்துணியில் ஒரு முக்கோணம் எடுத்து ஒட்டுப் போட்டாள். அவசரத்தில் தலைகீழாக வைத்துவிட்டாள். சாட்டினைத் தலைகீழாக வைத்தால் வெளிச்சம் படும்போது அந்தத் துண்டு மட்டும் வெளுத்துக் காட்டும். பிரித்துத் தைக்க நேரமில்லை. நாடகத்தில் யார் கையைத் தூக்கப் போகிறார்கள் என்று மடித்துக் கொடுத்துவிட்டாள். ஸ்டூடியோக்காரரிடம் சொல்லவில்லை. அந்த ஒட்டு அவள் மனதில் ஒரு வாரம் உறுத்திக்கொண்டே இருந்தது.

அளவு நோட்டைப் புரட்டினாள். 'கறுப்பு சாட்டின், 12. ஸ்டூடியோக்காரர். 12வது: இடது கை ஒட்டு' என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. வெட்டுத்துணி மூட்டையைக் கவிழ்த்து அந்த சாட்டின் துண்டையும் தேடி எடுத்தாள்.

நாலு மாதத்துக்கு முன்னால் இந்தக் கடையில் தைத்த அங்கி, கடல் தாண்டிப் போய்ப் பட்டம் வாங்கியிருக்கிறதா? அல்லது அந்தப் பன்னிரண்டு பேரும் இங்கேயே ஏதோ ஒரு புல்வெளியில் நின்று தொப்பி எறிந்தார்களா? அப்படியானால் கண்ணாடிக் கட்டடம் எங்கிருந்து வந்தது? இதை அச்சடித்த ஆலோசனை மையத்தில் எட்டு மாதமாக வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கு இது தெரியாதா?

மறுபடியும் மாப்பிள்ளை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கணவருக்கு போன் போட்டாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். வீட்டிலும் அவர் லிஃப்ட் மாதிரிதான், பட்டனை அழுத்தினால்தான் அசைவார்.

"என்ன? நான் எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவுல நிக்கிறேன்."

"கண்ணாடிக் காலேஜ் போட்டோவுல இருக்கிறது நான் தைச்ச கவுனுங்க."

"மோதிரத்தை மறந்துட்டியா?"

"ஒட்டு இருக்குங்க. என் கையால போட்ட ஒட்டு."

"கறுப்புக் கவுன் உலகம் பூரா ஒரே மாதிரிதான் இருக்கும். பெரியவ சொன்னதைச் செய்வா. ஒரு பொண்ணைப் படிக்க அனுப்புறதுக்காக இன்னொருத்தியை இழந்துடாதே." பிறகு, போனை வைப்பதற்குமுன், தணிந்த குரலில், "ஆனா, உனக்கு நிச்சயமாத் தெரிஞ்சா கையெழுத்துப் போடாதே," என்றார்.

இதைத்தான் யோசனை சொல்வது என்பார்கள்.

சரி, பெரியவளிடமே நைசாகக் கேட்டுப் பார்ப்போம் என்று அவளுக்கு போன் போட்டாள்.

"சட்டை ரெடியாம்மா?"

"சாயங்காலம் ரெடி. ஏன்டி, அந்தக் கண்ணாடிக் காலேஜ் புத்தகம் இருக்கே, அதுல ஒரு போட்டோ..."

"எந்த போட்டோ?" பெரியவளின் குரல் சட்டென்று கூர்மையானது.

"சும்மா, பட்டம் வாங்குற போட்டோ. நல்லாயிருக்கு."

"அதுல யார் மூஞ்சியும் சரியாத் தெரியாது. அதைப் போய் நீ எதுக்கு உத்து உத்துப் பார்க்கிறே? அம்மா, இன்னைக்கு அவருக்கு முக்கியமான நாள். தங்கச்சியே சேர்ந்தாத்தான் மத்தவங்க நம்பிச் சேருவாங்கன்னு அவங்க முதலாளி சொல்லியிருக்கார். நீ பாட்டுக்கு ஏதாவது கிளப்பி விட்டுடாதே. பேஷன்ட் வந்துட்டாங்க, வைக்கிறேன்."

தங்கச்சியே சேர்ந்தாத்தான் மத்தவங்க நம்புவாங்க. டெய்லரக்கா அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மூன்றரை மணிக்கு சாட்டின் துண்டையும் அளவு நோட்டையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

ஆலோசனை மையம் மூன்றாவது மாடியில் இருந்தது. சுவர் முழுக்க வெளிநாட்டுக் கட்டடங்கள், குளிர்சாதனம், கண்ணாடி மேசை. மூலையில் பிளாஸ்டிக் செடி ஒன்று அமோகமாக வளர்ந்திருந்தது. சின்னவள் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் சந்தோஷமும் படபடப்பும்.

"வாங்க அத்தை," என்று மாப்பிள்ளை எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். நல்ல சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் பெண்ணைக் கொடுத்தார்கள். "இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு, கடைசிப் பக்கத்துல ஒண்ணு. அஞ்சு நிமிஷ வேலை."

பேனாவின் மூடியைக் கழற்றி அவரே நீட்டினார். டெய்லரக்கா வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேட்கலாமா?"

"அம்மா," என்றாள் சின்னவள், எச்சரிக்கும் குரலில்.

"பாடம் நடத்துறவங்க பேர் ஒண்ணுகூட இந்தப் புத்தகத்துல இல்லையே?"

"அவங்க அடிக்கடி மாறுவாங்க அத்தை. எல்லாருமே பெரிய கம்பெனி ஆளுங்க."

"பின்னட்டையில இருக்கிற போன் நம்பருக்கு மத்தியானம் பண்ணேன். இங்க வரவேற்புல இருக்கிற பொண்ணுதான் எடுத்துச்சு."

"நம்ம ஆளுங்களுக்கு வசதியா இருக்கட்டும்னு இங்க திருப்பி விட்டிருக்காங்க."

எல்லாக் கேள்விக்கும் பதில் இருந்தது. அதுவும் கேள்வி முடிவதற்குமுன் இருந்தது. சின்னவளின் முகம் சிவந்துகொண்டே வந்தது.

"அம்மா, போதும். மாமா எனக்காக எத்தனை நாள் உட்கார்ந்து இன்டர்வியூ சொல்லிக் குடுத்தார் தெரியுமா? மோதிரம் மாதிரி இதையும் பண்ணாதே."

டெய்லரக்காவின் கண் நிறைந்தது. பேனாவை மேசைமேல் வைத்துவிட்டுப் பையைத் திறந்தாள். ஏழாம் பக்கத்தை விரித்து, அதன்மேல் சாட்டின் துண்டை வைத்து, பக்கத்தில் அளவு நோட்டையும் பூதக்கண்ணாடியையும் வைத்தாள்.

"பாருடி. இந்தக் கவுனை நான் தைச்சேன். நம்ம கடையில, நாலு மாசத்துக்கு முன்னாடி. கைக்கு அடியில வெளுத்துத் தெரியுதே, அது நான் போட்ட ஒட்டு. துணி பத்தலை. தலைகீழா வச்சுத் தைச்சுட்டு, வாங்க வந்தவர்கிட்ட சொல்லாம மறைச்சுக் குடுத்துட்டேன். ஊருக்கெல்லாம் நியாயம் பேசுறவ, நானே மறைச்சேன். அதை இன்னைக்கு உங்க முன்னாடி சொல்லிக்கிறது எனக்கு வெட்கமாத்தான் இருக்கு."

சின்னவள் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். துண்டைப் பார்த்தாள். துண்டைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி பார்த்தாள்.

"மாமா?"

மாப்பிள்ளையின் சிரிப்பு அப்படியேதான் இருந்தது. கண்ணில் மட்டும் அது இல்லை. "விளம்பரம்னா அப்படித்தான்மா. சோப்பு விளம்பரத்துல வர்றவங்க நிஜமாவே அந்த சோப்பைப் போட்டா குளிக்கிறாங்க? போட்டோ எடுக்கிறது ஏஜென்சி. அதுக்கும் காலேஜுக்கும் என்ன சம்பந்தம்? காலேஜ் நிஜம்."

நியாயமாகத்தான் இருந்தது. டெய்லரக்காவுக்கே ஒரு கணம் தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு போட்டோ பொய் என்பதற்காக ஒரு காலேஜே பொய்யாகிவிடுமா? இன்றைக்கு இவளைத் தடுத்து, நாளைக்கு அது நல்ல காலேஜ் என்று தெரிந்தால், இரண்டு பெண்களும் இந்த ஜென்மத்தில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

"அப்போ சரி மாப்பிள்ளை," என்றாள் மெதுவாக. "நிஜமா அங்க போய்ப் படிக்கிற ஒரே ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக் குடுங்க. ரெண்டு நிமிஷம் போதும். பேசிட்டு நானே கையெழுத்துப் போடுறேன்."

"அதுக்கென்ன அத்தை, நூறு பேர்கிட்ட பேசலாம்." மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார். "அடடா, அங்க இப்போ நடுராத்திரி. எல்லாரும் தூங்கிட்டிருப்பாங்க. நாளைக்குக் காலையில பேச வைக்கிறேன். கையெழுத்து மட்டும் இப்போ..."

சின்னவள் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

எந்தத் துறைமுகத்தில் இப்போது என்ன மணி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வதுதான் மூன்று வருடமாக அவளுடைய பிழைப்பு. கப்பல் கிளம்புவது ஓர் ஊர் நேரம், சேர்வது இன்னோர் ஊர் நேரம். ஒரு மணி பிசகினால் சரக்கு கரையிலேயே நின்றுவிடும்.

"அங்க இப்போ பகல் பன்னிரண்டே கால், மாமா," என்றாள்.

மாப்பிள்ளை மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நான் வேற ஊரை நினைச்சு..."

"காலைல அந்த ஊர்த் துறைமுகத்துக்கு நானே பேசினேன். அப்போ அங்க விடியலை. இப்போ பன்னிரண்டே கால்." மேசைமேல் கிடந்த அவர் போனை அவர் பக்கம் நகர்த்தினாள். "கூப்பிடுங்க மாமா. சாப்பாட்டு நேரம், யாராவது எடுப்பாங்க."

மாப்பிள்ளை போனைக் கையில் எடுத்தார். பட்டியலை மேலே தள்ளினார், கீழே தள்ளினார். கூப்பிடவில்லை. கூப்பிட ஒரு பெயர்கூட அதில் இல்லை என்பது மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. சின்னவளுக்கு அது பெரிய அடி. அண்ணன் இல்லாத பெண், அவரை அண்ணனாக நினைத்திருந்தாள்.

மணி நாலு ஐம்பது. அவள் தன் போனை எடுத்து, ஒரு முறை அம்மாவைப் பார்த்தாள். டெய்லரக்கா போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மேசைமேல் இருந்த சாட்டின் துண்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தத் தீர்மானத்திலும் தன் கை பட்டுவிடக் கூடாது என்று நினைத்தாள்.

சின்னவள் பட்டனை அழுத்தினாள்.

"செங்கல்," என்றாள். "குளிர்ல செத்தாலும் சரி." எழுந்து வெளியே போனாள். படிக்கட்டில் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

டெய்லரக்காவும் எழுந்தாள். கதவுவரை போனதும் மாப்பிள்ளை பின்னாலேயே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அத்தை, என்னை என்ன வேணா சொல்லுங்க. ஆனா பெரியவகிட்ட மட்டும் இந்த போட்டோவைப் பத்திக் கேட்காதீங்க. தயவுசெஞ்சு."

பெண்டாட்டிக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறார் என்றுதான் டெய்லரக்கா நினைத்தாள். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. பாவம், அவளுக்கும் தெரியாமல் என்னென்ன மறைத்திருக்கிறாரோ!

ஐந்தரை மணிக்குக் கடையைத் திறந்து விளக்கைப் போட்டாள். சின்னவள் உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். ஜெயித்த சந்தோஷம் டெய்லரக்காவுக்குத் துளியும் இல்லை. எப்படியாவது கையை வேலையில் வைக்க வேண்டும் என்று மெஷின்முன் உட்கார்ந்து பெரியவளின் வெள்ளைச் சட்டையை எடுத்தாள். வலது தோளைப் பிரித்து, பஞ்சுப் பட்டையை உள்ளே வைத்து, அளவு சரிதானா என்று சட்டையைத் தூக்கிப் பிடித்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

பார்த்தபடியே இருந்தாள்.

பிறகு பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். காலையிலிருந்து அந்த ஒட்டைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. சந்தேகத்துக்கு ஒரு கண்தான். அந்தக் கண் மாப்பிள்ளைமேலேயே இருந்துவிட்டது. இப்போது ஒட்டை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தாள்.

பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் வலது கையால் தொப்பியை எறிந்திருந்தார்கள். முதுகு காட்டி நின்றவள் மட்டும் இடது கையால். தொங்கிக்கொண்டிருந்த வலது கைக்குமேல், பொது அளவில் தைத்த அங்கிக்குள், பஞ்சுப் பட்டை இல்லாத வலது தோள் ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது.

'உங்க கை சுத்தம்னு ஒருத்தங்க சொன்னாங்க.'

'அதுல யார் மூஞ்சியும் சரியாத் தெரியாது.'

'பெரியவகிட்ட மட்டும் கேட்காதீங்க.'

மாப்பிள்ளை பயந்தது பெண்டாட்டியிடம் இல்லை, பெண்டாட்டிக்காக. பெற்று, வளர்த்து, ஆயிரம் சட்டை தைத்துப் போட்ட பெரியவளின் முதுகு. கூடப்பிறந்தவளை அனுப்ப இப்படித் திரும்பி நின்றிருக்கிறது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"அம்மா!" பெரியவள் மூச்சிரைக்க உள்ளே வந்தாள். "அவர் போன் பண்ணினார். என்னம்மா பண்ணி வச்சிருக்கே? நான் அவ்வளவு சொல்லியும்..." மேசைமேல் விரித்திருந்த ஏழாம் பக்கத்தைப் பார்த்ததும் அந்த வாக்கியம் பாதியில் நின்றது.

டெய்லரக்கா கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை மெதுவாக எடுத்தாள்.

"திரும்பி நில்லு. அளவு எடுக்கணும்."

"சட்டைதான் தைச்சாச்சே. இப்போ எதுக்கு அளவு?"

"சட்டைக்கு இல்லை. திரும்பி நின்னு இடது கையைத் தூக்கு."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. சின்னவள் எழுந்து உட்காருகிறாள்.

பெரியவள் திரும்பவில்லை. இடது கை மட்டும், அவளையும் அறியாமல், விலாவோடு இறுக ஒட்டிக்கொண்டது.